தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு கோவையிலிருந்து கொச்சி வொண்டர்லாவுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீம் பார்க்குக்கெல்லாம் யாராவது தனியாகப் போவார்களா?

போவார்கள். நானும் போகிறேன். அலுவலகத்தில் சொன்னால் முதலில் ஒரு நொடி அமைதி, அப்புறம் “ஏன், யாரும் வரலையா?” என்று ஒரு பரிவு. அம்மா கேட்டது இன்னும் நேரடி: “ஏங்கண்ணு, ஒத்தையில போயி அங்க என்னத்தப் பண்ணுவ?” ராட்டினம் ஏறுவேன், தண்ணீரில் ஆடுவேன், பசித்தால் சாப்பிடுவேன். கூட்டமாகப் போகிறவர்கள் செய்வதும் இதைத்தான். ஆனால் எட்டுப் பேர் போனால் ஒருவருக்குத் தலை சுற்றும், ஒருவருக்கு உயரம் ஆகாது, ஒருவருக்கு எப்போது பார்த்தாலும் பசி. பாதிப் பேர் நிழலில் உட்கார்ந்து பை காத்துக்கொண்டிருப்பார்கள். தனியாகப் போனால் பிடித்த ராட்டினத்தில் அடுத்தடுத்து மூன்று முறை ஏறலாம், பிடிக்காததைத் திரும்பிப் பார்க்காமல் கடக்கலாம். சினிமாவுக்குத் தனியாகப் போவதை இப்போது யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இதையும் அப்படி எடுத்துக்கொள்ளும் காலம் வர வேண்டும் என்பது என் ஆசை.

மேட்டுப்பாளையத்திலேயே பிளாக் தண்டர் இருக்கிறதே, கொச்சி வரை எதற்கு?

அரை நாளில் தண்ணீரில் ஆடிவிட்டு வர பிளாக் தண்டர் போதும். பேரூர்ப் பக்கம் கோவை கொண்டாட்டம் என்ற பூங்காவும் இருக்கிறது. கொச்சிக்குப் போவதில் பாதி சுகம் வண்டி ஓட்டுவதில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலைத்தொடரைக் கடந்து அந்தப் பக்கம் இறங்குவது, நல்ல சாலையில் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். முதல் முறை தனியாக நெடுந்தூரம் ஓட்டிப் பார்க்க நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான தூரம் எனக்குத் தெரியவில்லை. எங்கே நின்றாலும் அரை மணிக்குள் ஒரு ஊர் வரும்.

இன்னொரு காரணம், அந்தப் பூங்காவின் வயது. வி-கார்ட் நிறுவனத்தைத் தொடங்கிய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் வீகாலேண்ட் என்ற பெயரில் திறந்தது அது. பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் 2005-இல் வொண்டர்லா வந்தது. பிறகு கொச்சிப் பூங்காவும் அந்தப் பெயருக்கு மாறியது. எங்கள் ஊரில் பள்ளிச் சுற்றுலா என்றால் வீகாலேண்ட் என்று வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. அவர்களில் பலர் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். சென்னைக்காரர்களுக்கு 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கமே ஒரு வொண்டர்லா திறந்துவிட்டது. நமக்கு இன்னும் கொச்சிதான் கைக்கெட்டும் தூரம்.

எந்த வழியாகப் போவது?

சேலத்திலிருந்து கொச்சிக்குப் போகும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் பெரும்பகுதி வழி. வாளையார், கஞ்சிக்கோடு, பாலக்காடு, ஆலத்தூர், வடக்கஞ்சேரி, குதிரான், மண்ணுத்தி, சாலக்குடி, அங்கமாலி, ஆலுவா, களமசேரி. களமசேரியில் நெடுஞ்சாலையை விட்டு சீபோர்ட்–ஏர்போர்ட் சாலையில் காக்கநாடு. அங்கிருந்து பள்ளிக்கரை, பூங்கா அங்கே இருக்கிறது. பாலக்காடு, திருச்சூர் இரண்டு ஊருக்குள்ளும் நுழையத் தேவையில்லை.

திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து வருகிறவர்கள் கோவைக்குள் வராமல் நீலாம்பூரிலிருந்து மதுக்கரைக்குப் போகும் பைபாஸைப் பிடிப்பார்கள். அந்த நீளம் முழுக்கப் பொறுமையாக ஓட்டுங்கள். எதிரும் புதிருமாக வண்டிகள் வரும் இரு வழிச் சாலை அது. நடுவில் தடுப்பு கிடையாது, லாரிகள் அதிகம். அகலமான நெடுஞ்சாலையில் வந்த வேகத்தோடு அதில் ஏறி முந்தப் பார்ப்பதுதான் ஆபத்து.

பாலக்காட்டிலிருந்து ஓட்டம் சுகமாக இருக்கும். திருச்சூரைத் தாண்டியபின் அங்கமாலி வரைதான் கணக்குத் தப்பும். அம்பல்லூர், முரிங்கூர் போன்ற சந்திப்புகளில் அடிப்பாதை கட்டும் வேலையால் வண்டிகள் சர்வீஸ் சாலையில் ஊர்ந்தன. நெரிசல் முற்றி, 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் பாலியக்கரைச் சுங்கச்சாவடி வசூலையே நிறுத்தி வைத்தது. அக்டோபரில்தான் மறுபடி அனுமதித்தது. கிளம்பும் காலையில் திருச்சூருக்கும் அங்கமாலிக்கும் இடையில் வரைபடத்தில் சிவப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள். நாலரை முதல் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பதற்றம் இருக்காது.

குதிரான் சுரங்கப்பாதை பயமாக இருக்குமா?

பயம் தராது, அழகாக இருக்கும். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், போக ஒன்று வர ஒன்று என இரட்டைக் குழாய். முதல் குழாய் 2021 ஜூலை 31 அன்று திறந்தார்கள். அதற்கு முன்பு அந்த மலையேற்றத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றால் மணிக்கணக்கில் காத்துக்கிடந்ததைக் கோவை ஓட்டுநர் யாரிடம் கேட்டாலும் சொல்வார்.

நுழையும் முன் கூலிங் கிளாஸைக் கழற்றுங்கள், முகப்பு விளக்கைப் போடுங்கள், உள்ளே தடம் மாறாதீர்கள். ஜூன், ஜூலையில் போனால் இன்னொன்று பார்க்கலாம். வடக்கஞ்சேரிப் பக்கம் சாலை காய்ந்து கிடக்கும்; சுரங்கத்துக்குள் எதிரே வெள்ளை வட்டமாக வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வரும்; வெளியே வந்த கணம் கண்ணாடி முழுக்க மழை அறையும். வைப்பர் எங்கே என்று தேடக் கூடாத இடம் அது. கை அதன் மேல் தயாராக இருக்கட்டும்.

வேறு என்ன முன்னேற்பாடு?

டேங்கை நம் பக்கத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கேரளத்தில் பெட்ரோல், டீசல் விலை கூடுதல். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும், வழியில் சுங்கச்சாவடிகள் வரிசையாக வரும். கேரளத்தில் 2023 ஜூனிலிருந்து ஏஐ கேமராக்கள் அபராதம் போடுகின்றன. சீட் பெல்ட், கைபேசி, ஹெல்மெட், எல்லாவற்றையும் அது பார்க்கும். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033, எந்த அவசரத்துக்கும் 112. டயர் மாற்றத் தெரியாவிட்டால் வீட்டு வாசலில் ஒரு முறை மாற்றிப் பாருங்கள். தனியாகப் போகிறவருக்கு அது தரும் தைரியம் பெரியது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

எந்த மாதம், எந்த நாள்?

மே மாதம், ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறை, இந்த மூன்றையும் தவிருங்கள். கார்த்திகை, மார்கழியில் இரட்டைத் தொல்லை: சாலையில் சபரிமலைக்குப் போகும் வண்டிகள், பூங்காவில் பள்ளிச் சுற்றுலா பஸ்கள். இரவெல்லாம் விழித்து ஓட்டிக்கொண்டு வரும் ஓட்டுநர்கள் அந்த நாட்களில் நிறைய. விடிகாலையில் அவர்கள் வண்டிக்குப் பின்னால் நெருங்கிப் போகாதீர்கள்.

நான் விரும்புவது மழைக்கால வார நாள். மழையில் தண்ணீர்ப் பூங்காவா என்று சிரிப்பார்கள். எப்படியும் நனையத்தானே போகிறோம்! வரிசை குறைவாக இருக்கும். இடி மின்னலோடு பெய்தால் உயரமான ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள், விட்டதும் மறுபடி ஓட்டுவார்கள். கூட யாரும் இல்லாதபோது அந்தக் காத்திருப்பு யாருடைய முகத்தையும் வாட வைக்காது. ஒரு கட்டன் சாயா வாங்கிக்கொண்டு மழை பார்க்கலாம்.

காலையில் போய் அன்றைக்கே திரும்பிவிடலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. என் பதில்: தனியாகப் போனால் வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஐந்துக்குக் கிளம்ப நாலுக்கு எழுந்திருப்பீர்கள். பத்து, பத்தரைக்குப் போய்ச் சேர்வீர்கள். வார நாட்களில் பூங்கா 11 மணிக்குத் திறக்கும். மாலை ஆறு வரை வெயிலிலும் தண்ணீரிலும் நடந்து, ஏறி, இறங்கி, சுழன்று முடித்திருப்பீர்கள். வெளியே வந்தால் காக்கநாட்டில் ஐடி அலுவலகங்கள் விடும் நேரம். அந்த நெரிசலைத் தாண்டி நெடுஞ்சாலையைப் பிடித்து, எதிர்வரும் விளக்குகளைப் பார்த்தபடி வாளையாரைத் தொடும்போது இரவு பதினொன்றைத் தாண்டியிருக்கும். விழித்தெழுந்து பத்தொன்பது மணி நேரம். பகல் முழுக்கத் தண்ணீரில் கிடந்த உடம்பு சூடான காரில் உட்கார்ந்ததும் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. நாலு பேர் இருந்தால் ஒருவர் மாற்றி ஓட்டுவார், இன்னொருவர் பேச்சுக் கொடுப்பார். தனியாக இருக்கும்போது கண் சொக்குவதைப் பார்த்துச் சொல்லக்கூட ஆள் கிடையாது.

ராட்டினங்கள் இதில் ஆபத்தே இல்லை. பட்டை கட்டி, கம்பியை இறக்கி, ஒருவர் இழுத்துப் பார்த்த பின்புதான் அவை நகரும். நம்மை யாரும் சரிபார்க்காத ஒரே இருக்கை, அன்றிரவு நம் காரின் ஓட்டுநர் இருக்கை. அதனால் அறை வாடகையை டிக்கெட் செலவோடு சேர்த்தே கணக்கிடுங்கள். இன்ஃபோபார்க் ஐடி வளாகம் இருப்பதால் காக்கநாட்டில் எல்லா விலையிலும் தங்குமிடம் கிடைக்கும், பூங்காவுக்கும் பக்கம். கையில் இருப்பது ஒரு நாள் செலவுக்குத்தான் சரி என்றால் ரயிலில் ஆலுவா போய் அங்கிருந்து டாக்ஸி பிடியுங்கள், திரும்பும்போது ரயிலில் தூங்குங்கள். கார் ஓட்டும் ஆசை இன்னொரு நாளைக்குக் காத்திருக்கட்டும்.

எப்படியும் இரவில்தான் ஓட்டியாக வேண்டும் என்ற நிலை வந்தால், கொட்டாவி வரும்போதே வெளிச்சமான பெட்ரோல் பங்கில் நிறுத்துங்கள். ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்யக் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும், இரண்டும் சேர்ந்து பலன் தரும். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தை விரட்டாது.

தனியாக வந்தவரை ராட்டினத்தில் எங்கே உட்கார வைப்பார்கள்?

எங்கே ஒரு இடம் காலியோ அங்கே. மூன்று பேராக வந்த குடும்பத்தில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார, மூன்றாமவர் பக்கத்தில் ஒரு இடம் மிஞ்சும். ஊழியர் “ஒராள், ஒராள்” என்று கையைத் தூக்கிக் கேட்பார். நீங்களும் கையைத் தூக்கினால் போதும். சில நேரம் பின்னால் நின்ற நீங்கள் முன்னால் போய்விடுவீர்கள்.

ரீகாயிலில் எனக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது ஒரு பத்தாம் வகுப்புப் பையன். கூட வந்தவர்கள் கீழே நின்றுவிட்டார்கள். அந்த ராட்டினம் முதலில் நம்மைப் பின்பக்கமாக மேலே இழுத்துக்கொண்டு போகும். கால் கீழே, முகம் தரையைப் பார்க்க, கொக்கி விடுபடும் வரை எல்லோரும் சத்தமில்லாமல் இருப்பார்கள். “சேச்சி, பேடி உண்டோ?” என்றான், அக்கா, பயமா இருக்கா என்று. உண்டு என்றேன். “எனிக்கும்” என்றான். அதற்குள் விழுந்துவிட்டோம். முன்னோக்கித் தலைகீழாகச் சுழன்று மறுமுனை ஏறி, அங்கிருந்து அதே வழியில் பின்னோக்கி மறுபடி சுழன்று வந்து நின்றபோது இருவரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தோம். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பேர் மிதவையில் சறுக்கும் விளையாட்டுகளிலும் இதே கதைதான். துணைக்கு ஆள் தேடிக்கொண்டு இன்னொருவர் கண்டிப்பாக நிற்பார்.

பை, கைபேசி, கார் சாவி?

தனியாகப் போகிறவருக்கு உண்மையான தொல்லை இதுதான், பை பிடிக்க ஆள் இல்லாதது. நுழைந்ததும் லாக்கர் எடுங்கள். அதற்குள் போக வேண்டியவை பர்ஸ், மாற்று உடை, துண்டு, முக்கியமாகக் கார் சாவி. இப்போது வரும் ரிமோட் சாவிகளுக்குள் சின்ன சர்க்யூட் இருக்கிறது. அலைக்குளத்தில் ஒரு முங்கு போட்டால் அதோடு போய்விடும். 190 கிலோமீட்டர் தள்ளி, மாற்றுச் சாவி பீரோவில் கிடக்க, பார்க்கிங்கில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்! மாற்றுச் சாவியை வீட்டில் யார் எடுத்துத் தர முடியும் என்பதையும் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்.

கைபேசியைக் கழுத்தில் மாட்டும் நீர்புகாப் பையில் போடலாம், ஆனால் வேகமான ராட்டினங்களில் அது முகத்தில் அடிக்கும். நான் காலை முழுக்க அதையும் லாக்கரில் விட்டுவிடுகிறேன். மதியம் எடுத்து வீட்டுக்குப் பேசிவிட்டு மறுபடி உள்ளே. கண்ணாடி போடுகிறவர்கள் தலைக்குப் பின்னால் கட்டும் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் எந்த ராட்டினம் எத்தனை மணி வரை ஓடும் என்ற பலகையைப் பார்த்து மனதில் வாங்குங்கள். பெரிய ராட்டினங்களைக் காலையிலேயே வெறும் வயிறும் இல்லாமல் நிறைந்த வயிறும் இல்லாமல் முடிப்பது, சாப்பிட்டபின் கொஞ்ச நேரம் மெதுவானவை, அப்புறம் தண்ணீர். இந்த வரிசை எனக்கு ஒத்துவருகிறது.

என்ன உடை?

தண்ணீர்ப் பகுதிக்கு நைலான், பாலியஸ்டர் மாதிரியான செயற்கை இழை உடைதான் அனுமதி. பருத்தி, ஜீன்ஸ், சேலை, துப்பட்டா எதுவும் கூடாது. பருத்தி நனைந்தால் கனத்துத் தொங்கும், சறுக்கில் தோலை உரசும். முழுக்கை நைலான் சட்டையும் முழங்காலுக்குக் கீழே வரும் கால்சட்டையும் நம் கடைகளிலேயே வாங்கலாம்.

பஸ்ஸில் போனாலே எனக்கு வாந்தி வரும். மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

அவோமின் மாதிரியான வாந்தி மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். அதைப் போட்ட அன்று ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. மருத்துவரிடம் கேட்டு, மறுநாள் காலைதான் வண்டி எடுக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள். மாத்திரை இல்லாமல் சமாளிக்க: தட்டையாகச் சுழல்பவற்றை விட்டுவிடுங்கள், உயரத்திலிருந்து விழுபவை அவ்வளவு குமட்டாது. கண்ணைத் திறந்து ஓடும் திசையைப் பாருங்கள். கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்வதால் வருவதுதான் அந்தக் குமட்டல்.

இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், கழுத்து முதுகு வலி, கர்ப்பம் உள்ளவர்கள் பெரிய ராட்டினங்களில் ஏறவே கூடாது. வலிப்பு, சர்க்கரை நோய் இருப்பவர்கள் அதைப் பற்றி எழுதிய சிறு அட்டையை உடம்போடு வைத்துக்கொள்வது நல்லது.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகலாம். பகலில் ஓட்டுங்கள், அறையை முன்பே பதிவு செய்யுங்கள், வீட்டில் ஒருவருக்கு நேரலை இருப்பிடத்தைப் பகிருங்கள். அதைவிட முக்கியம், எத்தனை மணிக்குப் பேசுவேன் என்று மூன்று நேரங்களைச் சொல்லிவிட்டு அதைக் காப்பாற்றுவது. அப்படிச் செய்தால் நடுவில் ஓயாமல் அழைப்பு வராது, ஓட்டும்போது கவனமும் சிதறாது. கேரள போலீஸின் பிங்க் ரோந்துக்கு 1515. பூங்காவுக்குள் ஊழியர்கள் எங்கும் இருக்கிறார்கள். அலைக்குளத்தில் கூட்டம் நெருக்கினால் உயிர்காப்பாளர் நிற்கும் பக்கம் போய்விடுங்கள். யாராவது தொந்தரவு செய்தால் அவரிடமே உரக்கச் சொல்லுங்கள். மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் துளியும் இல்லை. தனியாகவா வந்தீர்கள் என்று கேட்பவர் எல்லோருக்கும் உண்மையைச் சொல்ல வேண்டியதும் இல்லை. “அண்ணன் வண்டி எடுக்கப் போயிருக்கிறார்” என்று சொன்னால் போதும்.

பைக்கில் போகலாமா?

போகலாம். பாலக்காட்டுக் கணவாயில் தென்மேற்குப் பருவக் காற்று பலமாக வீசும், அந்த மாதங்களில் பைக் பக்கவாட்டில் தள்ளும். லாரியை முந்தி வெளியே வரும் கணத்தில் கைப்பிடியை உறுதியாகப் பிடியுங்கள். ஹெல்மெட், ஜாக்கெட் இரண்டும் லாக்கரில் பெரிய இடம் பிடிக்கும். திரும்பும்போது காய்ந்த காலுறை ஒரு ஜோடி அவசியம்.

வழியில் சாப்பாடு?

போகும்போது புட்டும் கடலையும், இல்லை அப்பமும் முட்டைக்கறியும், அளவாக. குடிக்க இளஞ்சிவப்பு நிறத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைப்பார்கள். பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சியது அது, தாராளமாகக் குடிக்கலாம். பரோட்டாவும் பீஃப் வறுவலும் இரவுக்கு இருக்கட்டும். ராட்டினம் ஏறப்போகும் வயிற்றுக்கு அது வேண்டாம்.

மறுநாள் திரும்பும் வழியில் எங்கே நிற்கலாம்?

நேரமே கிளம்பினால் சாலக்குடியில் திரும்பி அதிரப்பள்ளி போய்வரலாம். ஒரு பக்கம் 30 கிலோமீட்டர் அளவு. அருவியின் அடிவாரத்துக்கு இறங்கி ஏற வேண்டும். முந்தைய நாள் கால் வலி மிச்சம் இருந்தால் மேலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அவ்வளவு தெம்பில்லை என்றால் பாலக்காட்டுக் கோட்டை. ஊருக்கு நடுவில், நிழலான அகழியைச் சுற்றி ஒரு நடை. அங்கிருந்து கோவை ஒன்றரை மணி நேரத்துக்குள். வாளையாரைத் தாண்டும்போது பகல் வெளிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.